டயாலிசிஸில் திரும்பி வந்த குளிர்காய்ச்சல்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 15 வருடமாகச் சர்க்கரை. ஏழு மாதமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. முதலில் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டார்கள், அப்புறம் பெர்ம்கேத் என்ற நீண்ட நாள் குழாய். கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்யச் சொன்னபோது, ‘கை போனால் தொழில் போச்சு’ என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போன மாதம் டயாலிசிஸ் தொடங்கிய அரை மணி நேரத்தில் உடம்பைத் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல். இரண்டு ஊசியில் சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதேபோல மறுபடியும் வந்தது. இந்த முறை ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குழாயை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கடன் வாங்கிப் போட்ட குழாய் அது. அதை எடுக்காமல், இன்னும் பவரான மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாதா? இது ஆஸ்பத்திரியில் தொற்றிய கிருமியா? வீட்டில் என் இரண்டு வயது மகள் இருக்கிறாள். அம்மா பயந்துபோய் அப்பாவின் தட்டு, தம்ளரைத் தனியாக எடுத்துவைத்துவிட்டார். குழந்தையைப் பக்கத்தில் விடுவதில்லை. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். பத்து நாளாக அப்பாவுக்கு இடுப்பு வலி வேறு. நாலு மணி நேரம் ஒரே இடத்தில் படுத்திருப்பதால் இருக்கும்.

- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியது அதைத்தான், எனக்குக் கவலை தருவதும் அதுதான். ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இருப்பது உறுதியானவருக்குப் புதிதாக இடுப்பு வலி வந்தால், படுத்திருந்ததால் வந்த வலி என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் கிருமி ரத்தத்தோடு சுற்றி வரும்போது இரண்டு இடங்களில் உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. ஒன்று முதுகெலும்பின் வட்டு, மற்றொன்று இதய வால்வு. நாளைக்கே உங்கள் சிறுநீரக டாக்டரிடம், ‘பத்து நாளாக இடுப்பு வலி இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். முதுகுக்கு எம்.ஆர்.ஐ., இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். கால் மரத்துப்போனாலோ, நடக்கும்போது கால் பின்னினாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்றே கூட்டிப்போங்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்றதும் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று பயந்திருக்கிறீர்கள். அப்படியில்லை. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்பதுதான் அதன் விரிவு. மெத்திசிலின் என்பது பென்சிலினுக்கே தண்ணி காட்டிய கிருமிகளை அடக்குவதற்காக வந்த மருந்து. அது புழக்கத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், 1961-ல் அதற்கும் அடங்காத கிருமியை இங்கிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வகை மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்ட உதவும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ன செய்கிறது என்றால், மருந்தின் பிடிக்குள் வராத வேறொரு புரதத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஒரு கொத்தனாரைத் தடுத்தால் இன்னொரு கொத்தனார் சுவரை எழுப்பிவிடுகிறார். அதனால் பென்சிலின் குடும்பமும், அதற்குச் சொந்தக்காரர்களான செஃபலோஸ்போரின்களில் அநேகமாக எல்லாமும் இங்கே பயன்படாது.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் செஃபாக்சிடின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றுக்கும் எதிரே ‘ஆர்’ இருக்கிறது. அவை வேலை செய்யாது. வான்கோமைசின், டெய்கோபிளானின், லினசோலிட் மூன்றுக்கும் எதிரே ‘எஸ்’ இருக்கிறது. கிருமி இவற்றுக்குக் கட்டுப்படும். ஆக, மருந்து இருக்கிறது. ‘எஸ்’ பக்கத்தில் எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வான்கோமைசினுக்கு 1, டெய்கோபிளானினுக்கு 0.5. எண் சிறியதாக இருக்கும் மருந்துதான் பவரானது என்று நினைத்து அதையே எழுதித் தரச் சொல்லும் உறவினர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. தங்கத்தைக் கிராமிலும் அரிசியைக் கிலோவிலும் நிறுத்துவிட்டு எது கனம் என்று கேட்பது போல ஆகிவிடும்.

‘பவரான மருந்து’ என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கிருமிக்குப் பொருந்திய மருந்து, பொருந்தாத மருந்து என்றுதான் உண்டு. இதே கிருமி மெத்திசிலினுக்கு அடங்கும் ரகமாக வந்திருந்தால், பழைய செஃபசோலினே வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்திருக்கும். டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு ஊசி, விலையும் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வான்கோமைசினையே தொடர்வது தவறு. லினசோலிட் மாத்திரையாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்தத் தட்டணுக்கள் இறங்கத் தொடங்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இன்னும் அதிகம். உங்கள் அப்பாவுக்கு வேண்டியதோ வாரக் கணக்கில் மருந்து.

சரி, மருந்து இருக்கிறதென்றால் முதல் தடவையே ஏன் குணமாகவில்லை? உங்கள் பிரச்சினையின் ஆணிவேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது அடிச்சுவரில் கை வைத்தால் வழுவழுவென்று ஒன்று ஒட்டும். தண்ணீரை மாற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பெர்ம்கேத்தின் உட்சுவரிலும் அப்படி ஒரு படலம் படியும். கிருமிகள் தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பசைக்குள் மருந்து சரியாக இறங்குவதில்லை, இறங்கினாலும் உள்ளே பாதித் தூக்கத்தில் இருக்கும் கிருமிகளை அது ஒன்றும் செய்வதில்லை. ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று வந்தது சோதனைக்கூடத்தில் தனித்தனியாக வளர்த்த கிருமிக்கு. படலத்துக்குள் இருக்கும் அதே கிருமிக்குப் பல மடங்கு மருந்து வேண்டியிருக்கும், அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது.

உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நேரத்தைக் கவனித்தீர்களா? வீட்டில் வரவில்லை. மெஷினில் போட்டு அரை மணி நேரத்தில் வந்தது. ரத்தம் நிமிடத்துக்கு 200, 300 மில்லி வேகத்தில் குழாய் வழியாகப் பாயும்போது, படலத்திலிருந்து கிருமிகள் பிய்ந்து நேராக இதயத்துக்குப் போகின்றன. அதற்குத்தான் அந்த நடுக்கம். இரண்டு ஊசி போட்டதும் ரத்தத்தில் மிதந்த கிருமிகள் செத்தன, காய்ச்சல் விட்டது. குழாயில் இருந்தவை அப்படியே இருந்தன. மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டன.

அதனால் உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றாலே, அது எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழாயை எடுத்துவிடுவதுதான் வழி. வேறு சில சாதுவான கிருமிகளுக்குக் குழாய்க்குள் மருந்தை நிரப்பிப் பூட்டிவைத்து அதைக் காப்பாற்றிப் பார்ப்போம். பழைய குழாயை எடுத்து அதே வழியில் கம்பி விட்டுப் புதியதைச் செருகுவதும் உண்டு. சூடோமோனாஸ் என்ற கிருமி, பூஞ்சை, ஆரியஸ் இந்த மூன்றிடமும் அந்தப் பேரம் பலிக்காது. வழக்கமாக நடப்பது இதுதான்: பழைய குழாயை எடுத்துவிட்டு, முடிந்தால் இரண்டு மூன்று நாள் கழுத்தில் எதுவும் இல்லாமல் விடுவார்கள். நடுவில் டயாலிசிஸ் அவசியமென்றால் வேறு இடத்தில் தற்காலிகக் குழாய் போடுவார்கள். ரத்தக் கல்ச்சரைத் திரும்ப எடுத்து, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு புது பெர்ம்கேத். ஊசி மருந்து குறைந்தது நான்கு வாரம், இதய வால்விலோ முதுகெலும்பிலோ கிருமி இறங்கியிருந்தால் ஆறு வாரமோ அதற்கு மேலோ. காய்ச்சல் நின்றதும் ஊசியை நிறுத்திவிட அப்பா கெஞ்சுவார். விடாதீர்கள்.

செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடன் வாங்கிப் போட்ட குழாயை ஐந்தாறு மாதத்தில் எடுத்துப்போடச் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் குழாயை வைத்துக்கொண்டே ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் அட்மிட் ஆனால், அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், குழாய் மாற்றுவதற்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கும் எதெல்லாம் அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

வான்கோமைசின் ஊசியைப் பற்றி இரண்டு விஷயம். அதைப் பெரும்பாலும் டயாலிசிஸின் கடைசிக் கட்டத்திலோ முடிந்த பிறகோ ஏற்றுவார்கள். தொடக்கத்திலேயே ஏற்றினால் மருந்தில் ஒரு பங்கு மெஷின் வழியே சாக்கடைக்குப் போய்விடும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அலர்ஜி என்று பயந்து மருந்தையே நிறுத்தச் சொல்லாமல், சிஸ்டரிடம் சொட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்த டயாலிசிஸுக்கு முன் ரத்தத்தில் மருந்தின் அளவு எவ்வளவு என்று பார்க்கும் வசதி உங்கள் மையத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அளவு குறைந்தால் கிருமி தப்பிக்கும். தப்பிக்கும் கிருமி கற்றுக்கொள்ளவும் செய்யும்.

அது கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 2002 ஜூன் மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 40 வயது நோயாளி, சர்க்கரையும் உண்டு, காலில் ஆறாத புண். அதற்குச் சில வாரம் முன்புதான் அழுகிய கால் விரலை எடுத்திருந்தார்கள். ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்து வான்கோமைசினும் கொடுத்திருந்தார்கள். ஜூனில் டயாலிசிஸ் குழாய் தோலை விட்டு வெளியே வரும் இடத்தில் சீழ் பிடித்தது. கல்ச்சர் எடுத்துப் பார்த்தால், வான்கோமைசினுக்குக் கொஞ்சமும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அமெரிக்காவில் பதிவான முதல் நோயாளி அவர்தான். காலிலிருந்த புண்ணில் என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி, வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவோடு ஏற்கெனவே குடியிருந்தது. அதனிடமிருந்து அந்த மரபணுவை ஆரியஸ் வாங்கிக்கொண்டது. இப்படி நடக்க வாய்ப்புள்ள இடம் டயாலிசிஸ் நோயாளியின் உடம்புதான். ஆறாத புண், எந்நேரமும் உடம்புக்குள் ஒரு குழாய், திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் என எல்லாமே அங்கே சேர்ந்திருக்கின்றன.

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். குழாயை எடுத்தார்கள், புண்ணைக் கவனித்தார்கள், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற பழைய மருந்து கைகொடுத்தது. நம் ஊரில் செப்ட்ரான் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நோயாளியோடு பழகியவர்கள் முந்நூறு பேருக்கு மேல் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். குடும்பம், டயாலிசிஸ் மையம் என்று யாரிடமும் அந்தக் கிருமி இல்லை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தட்டையும் தம்ளரையும் பிரித்துவைக்க வேண்டாம். எம்.ஆர்.எஸ்.ஏ. காற்றில் பறந்து வருவதில்லை, சோற்றுத் தட்டில் தொற்றுவதில்லை. கை வழியாகவும், சீழ் பட்ட துணி வழியாகவும்தான் போகும். துண்டு, ஷேவிங் செட் அப்பாவுக்குத் தனியாக இருக்கட்டும். குழாய்க் கட்டையோ புண்ணையோ தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். குழந்தை தாத்தா மடியில் உட்காரலாம். குழாயைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், இரண்டு வயதில் எதைக் கண்டாலும் இழுக்கத்தான் தோன்றும். ஏற்கெனவே பட்டறையையும் வருமானத்தையும் இழந்த மனிதர் அவர். பேத்தியையும் எட்ட நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில்தான் தொற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட்டை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆரியஸ் கிருமி ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அப்பாவின் மூக்கிலிருந்தே கைக்கும், கையிலிருந்து குழாய்க்கும் போயிருக்கலாம். பக்கத்துப் படுக்கை நோயாளியைத் தொட்ட கையுறையோடு யாராவது இவர் குழாயைத் தொட்டும் இருக்கலாம். பழி யார் மீது என்று தேடுவதைவிட, அடுத்த டயாலிசிஸ் அன்று மெஷினில் இணைக்கும் அந்த இரண்டு நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். சிஸ்டரும் அப்பாவும் இருவருமே மாஸ்க் போட்டிருக்க வேண்டும். கை கழுவிப் புதுக் கையுறை போட வேண்டும். மூடியைத் திறந்ததும் குழாயின் வாயை குளோர்ஹெக்சிடின் அல்லது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பத்து பதினைந்து விநாடி அழுத்தித் துடைத்து, உலர விட வேண்டும். மனசுக்குள் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்திலேயே துடைப்பு முடிந்துவிடும். ஒரே சிஸ்டர் நாலைந்து மெஷின்களைப் பார்த்துக்கொண்டு ஓடும் இடத்தில் அப்படித்தான் ஆகும். சண்டை போடாதீர்கள். ‘சிஸ்டர், அப்பாவுக்குப் போன தடவை இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு, கொஞ்சம் நல்லா துடைச்சுடுங்க’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் குழாய்க் கட்டு நனையக் கூடாது. தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குளியல், எண்ணெய்க் குளியல் இரண்டும் குழாய் இருக்கும்வரை வேண்டாம். குழாய் வெளியே வரும் இடத்தில் மஞ்சள், விபூதி, சந்தனம் எதுவும் பூச வேண்டாம். சாமிக்கு நேர்ந்துகொண்டதாக இருந்தால் விபூதியை நெற்றியில் பூசிக்கொள்ளட்டும். டயாலிசிஸ் நாளில் ‘எப்படியும் காய்ச்சல் வரும்’ என்று முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிருமி இருப்பதைக் காட்டும் முக்கியமான அடையாளத்தை அது மறைத்துவிடும்.

மருந்துக்கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று அப்பா எத்தனை முறை கடையில் நேரடியாக அசித்ரோமைசினோ சிப்ரோவோ வாங்கிச் சாப்பிட்டார்? மாத்திரை அட்டையின் பின்புறம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. டயாலிசிஸ் நோயாளிக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மருந்து உடம்பிலேயே தங்கும். அளவைக் குறைக்காமல் செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக் போட்டதால் உளறத் தொடங்கி, பக்கவாதமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதல் வார்த்தையாக ‘டயாலிசிஸில் இருக்கிறேன்’ என்று அப்பா சொல்லட்டும்.

மிச்சமிருப்பது ஃபிஸ்டுலா. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று: டயாலிசிஸில் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஆரியஸ் கிருமி புக 100 மடங்கு வாய்ப்பு. அந்த நோயாளிகளுக்குள்ளேயே பார்த்தாலும், கையில் ஃபிஸ்டுலா உள்ளவரைவிடக் குழாய் உள்ளவருக்கு ஆறு மடங்கு. இந்த ஆறு மடங்கை ஒரேயடியாகப் போக்கும் ஆன்டிபயாடிக் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. ஃபிஸ்டுலா என்பது உங்கள் அப்பாவின் சொந்த ரத்தக்குழாய், வெளிப்பொருள் எதுவும் உள்ளே இல்லை. மேலே தோல் மூடியிருக்கிறது. படலம் படிய இடமில்லை.

கை போய்விடும் என்ற அவருடைய பயம் வெறும் பிடிவாதமில்லை. விரல் குளிர்ந்துபோவது, வலிப்பது சிலருக்கு வரும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதனால்தான் முன்கூட்டியே டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்தக்குழாய்களைப் பார்க்கிறோம், முடிந்தவரை வேலை செய்யாத கையில் போடுகிறோம். ஆபரேஷன் ஆன பிறகு அந்தக் கையால் சாப்பிடலாம், எழுதலாம், ஸ்பேனர் பிடிக்கலாம். கனமான இரும்பைத் தூக்குவதும், கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவதும்தான் கூடாது. லேத்தில் வேலை பார்த்தவருக்கு வலது கைதான் முக்கியமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இடது கை.

ரத்தத்திலிருந்து கிருமி போன பிறகே அந்த ஆபரேஷன். அதற்குப் பிறகு ஊசி போடுமளவு ரத்தக்குழாய் தடிக்க ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். எடுத்துவைக்கக் கூடிய முதல் அடி இன்றைக்கே இருக்கிறது. இப்போது அட்மிட் ஆனால் ரத்தம் எடுக்கவும் டிரிப் போடவும் ஆள்மாற்றி ஆள் வருவார்கள், சுலபமாகத் தெரியும் நரம்பைத்தான் குத்துவார்கள். இடது கை மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, ‘இந்தக் கையில் ஊசி வேண்டாம், பி.பி. பட்டை வேண்டாம்’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். யாராவது கேட்டால் அப்பா வலது புறங்கையை நீட்டட்டும்.